‘சூலா’வில் முறிந்தது எது: ஒரு நட்பின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் இரண்டாவது நாவல் ‘சூலா’ 1973-இல் வெளிவந்தது. 200 பக்கத்துக்குள் முடிந்துவிடும். படித்தவர்களிடம் கதை என்ன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள்: நெல், சூலா என்று உயிருக்குயிரான இரண்டு தோழிகள், நெல்லின் புருஷனோடு சூலா படுத்துவிட்டாள், நட்பு போயிற்று. நாவலில் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் எது எப்போது நடந்தது, யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் வாயைத் திறந்தார்கள் என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், 1937-இல் அந்த அறையில் நடந்ததை மூல காரணமாக ஏற்க முடியவில்லை. காரணம் அதற்குப் பதினைந்து வருஷம் முன்னால், 1922 கோடையில், ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது. கணவன் விவகாரம் அந்தப் பழைய சங்கதியின்மேல் நெல் போட்டுக்கொண்ட மூடி. கொஞ்சம் கடுமையான முடிவுதான். ஆனால் சான்றுகள் எல்லாமே நாவலுக்குள்ளேயே கிடக்கின்றன.

முதலில் ஆட்கள். நெல் ரைட், சூலா பீஸ், இருவரும் ஒரே வயது, 1922-இல் பன்னிரண்டு. மெடாலியன் என்ற அந்த ஊர் கற்பனை, ஆனால் அது இருக்கும் ஒஹாயோ மாநிலம் மாரிசன் பிறந்து வளர்ந்த மண். ஊருக்கு மேலே குன்றின்மீது கறுப்பின மக்கள் வாழும் பகுதிக்குப் பெயர் ‘பாட்டம்’. தன் அடிமைக்கு அடிவாரத்து வளமான நிலம் தருவதாகச் சொல்லி வேலை வாங்கிய வெள்ளைக்காரர், ‘கடவுள் மேலேயிருந்து பார்த்தால் இதுதான் சொர்க்கத்தின் அடிவாரம்’ என்று மேட்டு நிலத்தைத் தலையில் கட்டிய கதை நாவலின் தொடக்கத்திலேயே வருகிறது. வெளியிலிருந்து வரும் வாசகனை உள்ளே அழைக்க ஒரு முன்கூடம் மாதிரி இந்தத் தொடக்கத்தைப் பிறகு சேர்த்ததாகவும், அப்படிச் சேர்த்ததில் தனக்குத் திருப்தி இல்லை என்றும் மாரிசன் பின்னாளில் எழுதினார். எனக்கு அது தேவையான கூடமாகவே படுகிறது. மேலே இருப்பதைக் கீழே என்று பெயரிட்டு நம்பவைத்த ஊர் இது. பின்னால் இந்தப் பெண்களில் யார் நல்லவள், யார் கெட்டவள் என்று ஊர் தீர்மானிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நெல்லின் வீடு துடைத்து வைத்த வீடு. அவளுடைய அம்மா ஹெலீன் நியூ ஆர்லியன்ஸில் பாலியல் தொழில் செய்த ஒரு பெண்ணின் மகள். அந்தப் பேச்சு இங்கே வந்து சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே வீட்டையும் மகளையும் கட்டுசெட்டாக வைத்திருப்பவள். சூலாவின் வீடு நேர் எதிர். பாட்டி ஈவா ஒற்றைக் காலோடு மாடியறையிலிருந்து ஆட்சி செய்கிறாள். அம்மா ஹன்னாவைத் தேடி ஆண்கள் வந்துபோகிறார்கள். குடியிருப்பவர்கள், எடுத்து வளர்க்கும் பையன்கள், அடுப்பில் எந்நேரமும் ஏதோ ஒன்று. நெல்லுக்கு அந்தக் கலைந்த வீடு பிடிக்கும். சூலாவோ நெல்லின் வீட்டுச் சிவப்பு வெல்வெட் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். தன்னிடம் இல்லாததை மற்றவளிடம் எடுத்துக்கொள்ளும் நட்பு. இதில் தனியாக ஆபத்து எதுவும் இல்லை. பல சிறுவயது நட்புகள் இப்படித்தான்.

ஆற்றங்கரைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சிறிய சம்பவம். பள்ளி முடிந்து வரும் வழியில் ஐரிஷ் குடும்பத்துப் பையன்கள் நாலு பேர் கறுப்பினச் சிறுமிகளை மறித்துத் தொந்தரவு செய்வார்கள். நெல் ஏற்கெனவே அவர்களிடம் மாட்டியிருக்கிறாள். ஒருநாள் சூலா பாட்டியின் சிறு கத்தியைக் கொண்டுவந்து, சிலேட்டைத் தரையில் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து நுனியைச் சீவிவிடுகிறாள். எனக்கே இதைச் செய்துகொள்ள முடிந்தால் உங்களை என்ன செய்வேன் என்று நினைக்கிறீர்கள் என்கிறாள். பையன்கள் போய்விடுகிறார்கள். அங்கே இரண்டு பேருமே இருந்தார்கள், ரத்தத்தை இரண்டு பேருமே பார்த்தார்கள். ஆனால் வளர்ந்த பிறகு நெல்லின் நினைவில் அது சூலா பயத்தில் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த கிறுக்குத்தனம். சூலாவின் நினைவில் அது நெல்லைக் காக்கச் செய்தது. அதற்கு நன்றி வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ஒருவரிடம் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு வாக்குமூலம், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே இருப்பது: இந்த நட்பில் இது முதல் தடவை.

சரி, ஆற்றங்கரை.

அன்று சூலா மாடிக்கு ஏறும்போது அம்மா தன் தோழிகளோடு பேசுவது காதில் விழுகிறது. பெற்ற பிள்ளைமேல் பாசம் உண்டு, ஆனால் சூலாவைப் பிடிக்காது என்கிறாள் ஹன்னா. சாதாரணமாக, பேச்சோடு பேச்சாக. சூலா ஜன்னலோரம் போய் நிற்கிறாள். கீழேயிருந்து நெல் கூப்பிட, இருவரும் ஆற்றுக்கு ஓடுகிறார்கள். புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு குச்சியால் மண்ணில் குழி தோண்டுகிறார்கள். பேச்சே இல்லை. இரண்டு குழியும் சேர்ந்து ஒன்றாகிறது. நெல்லின் குச்சி ஒடிகிறது. வெறுப்போடு உள்ளே எறிகிறாள். சூலாவும் எறிகிறாள். அப்புறம் கண்ணில் பட்ட குப்பையெல்லாம்: காகிதம், கண்ணாடிச் சில்லு, சிகரெட் துண்டு. கடைசியில் மண்ணைத் தள்ளி மூடி, பிடுங்கிய புல்லை மேலே போட்டு மறைக்கிறார்கள். நாவல் அந்தக் குழியைச் சவக்குழி என்றே சொல்கிறது. இன்னும் யாரும் சாகவில்லை.

அப்போது சிக்கன் லிட்டில் என்ற சின்னப் பையன் அங்கே வருகிறான். நெல் அவனைச் சீண்டுகிறாள். சூலா அவளை அடக்கிவிட்டு, பையனைப் பக்கத்து மரத்தில் ஏற்றி உச்சியிலிருந்து அக்கரையைக் காட்டுகிறாள். பத்திரமாக இறக்கியும் விடுகிறாள். அன்றைக்கு அந்தப் பையனிடம் பிரியமாக நடந்துகொண்டது யார் என்று குறித்துக்கொள்ளவேண்டும், ஏனென்றால் பிற்பாடு ஊரில் யாரும் அதைக் கேட்கப்போவதில்லை. இறங்கியதும் சூலா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றுகிறாள். அவன் சிரிக்கிறான். கை நழுவுகிறது. நீர்ப்பரப்பு ஒரு தடவை திறந்து மூடிக்கொள்கிறது. சிரிப்புச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேலே வருவான் என்று இருவரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வரவில்லை.

முதலில் பேசுவது நெல். அவள் சொல்வது: யாரோ பார்த்துவிட்டார்கள்.

பன்னிரண்டு வயதுக் குழந்தை, பயந்துபோயிருக்கிறாள், அதை மறுக்கவில்லை. ஆனாலும் வாயிலிருந்து முதலில் வந்தது பையனின் பெயர் இல்லை, உதவிக்கு ஓடுவோம் என்பதும் இல்லை. பார்த்திருக்கக்கூடியவன் ஷாட்ராக் ஒருவன்தான். அக்கரையில் தனியாகக் குடியிருப்பவன், முதல் உலகப் போரில் மனம் சிதறித் திரும்பி, வருஷம்தோறும் ஜனவரி 3-ஐத் தேசியத் தற்கொலை நாள் என்று மணியடித்து நடத்துபவன். பாலத்தைக் கடந்து அவன் குடிசைக்கு ஓடுவது சூலா. அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான், எப்போதும் என்று. என்ன கேள்விக்கு என்ன பதில் என்று இருவருக்குமே தெரியாது. சூலா அழுதுகொண்டே திரும்பி வர, நெல் சமாதானம் சொல்கிறாள்: நீ வேண்டுமென்று செய்யவில்லை, உன் தப்பு இல்லை. அப்புறம் சூலாவின் பெல்ட் காணாமல் போயிருப்பதை அவள்தான் கவனிக்கிறாள்.

இந்த ஆறுதலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். கனிவான பேச்சுதான். ஆனால் அந்தக் கனிவிலேயே பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது. செய்தவள் சூலா, மன்னிப்பவள் நெல். இரண்டு பேர் சேர்ந்து தோண்டிய குழி ஒருத்தியின் பெயருக்கு எழுதப்பட்டாயிற்று, அதுவும் அன்பாக. பையன் விழுந்த அந்த நொடியில் நெல் உள்ளுக்குள் என்ன உணர்ந்தாள் என்பதை மாரிசன் இந்த அத்தியாயத்தில் சொல்லவே இல்லை. வெளியே தெரிவதை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். வாசிப்பவரும் நெல்லை நம்பி அவள் பக்கமே நின்றுவிடுகிறோம். நாவலின் மிகப் பெரிய வித்தை இதுதான் என்பேன். சூலாவின் பிறப்படையாளம் பார்ப்பவருக்குத் தகுந்தபடி ரோஜாவாகவும் பாம்பாகவும் தலைப்பிரட்டையாகவும் தெரிவதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

இறுதிச் சடங்கில் சவப்பெட்டி மூடியிருக்கிறது. தோழிகள் இருவரும் கையைத் தொட்டுக்கொள்ளவில்லை, முகம் பார்த்துக்கொள்ளவில்லை. இடையில் ஒரு விலகல் வந்துவிட்டதாக நாவலே சொல்கிறது. நெல்லின் கால்கள் கல்லாகிவிட்டன. யாராவது தன்னை நோக்கி விரல் நீட்டப்போகிறார்கள் என்று காத்திருக்கிறாள். தான் ‘எதுவும் செய்யவில்லை’ என்று அவளுக்குத் தெரியும் என்று எழுதும் மாரிசன், அந்த வார்த்தைகளை மட்டும் மேற்கோள் குறிக்குள் வைக்கிறார். சூலா சும்மா அழுகிறாள், சத்தமில்லாமல், துடைத்துக்கொள்ளாமல். கல்லறைப் பக்கம் போன பிறகு விரல்கள் கோத்துக்கொள்கின்றன. விலகல் முடிந்ததா, மூடப்பட்டதா? அதன் பிறகு சிக்கன் லிட்டிலைப் பற்றி இவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசியதாக நாவலில் ஓர் இடம்கூட இல்லை.

அடுத்த சில வருஷங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1923-இல் ஹன்னா முற்றத்தில் தீப்பற்றிச் சாகிறாள். சூலா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஈவா கடைசிவரை நம்புகிறாள். 1927-இல் நெல்லுக்கும் ஜூட் கிரீனுக்கும் கல்யாணம். சாலை போடும் வேலை கறுப்பன் என்பதால் கிடைக்காமல் போன ஆத்திரத்தில், தன்னைத் தேற்ற ஒருத்தி வேண்டும் என்று கட்டிக்கொள்கிறான் ஜூட். அவன் ஏன் கல்யாணம் செய்தான் என்று விளக்கும் நாவல், ஏன் விட்டுப் போனான் என்பதற்கு அந்த அளவு மெனக்கெடவில்லை. இது குறை இல்லை. இந்தக் கதையில் அவனுக்கு அவ்வளவுதான் இடம். கல்யாண நாளிலேயே சூலா ஊரைவிட்டுப் போகிறாள். அடுத்த அத்தியாயத்தின் தலைப்பு 1937.

திரும்பி வந்த சூலாவால் நெல்லுக்கு உலகம் மறுபடி வெளிச்சமாகிறது. பழையபடி சிரிக்கிறாள். சில பக்கங்களிலேயே அறைக்குள் நுழைந்து சூலாவையும் ஜூட்டையும் ஒன்றாகப் பார்க்கிறாள். இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று: அதுவரை வெளியே நின்று கதை சொன்ன குரல், இந்த இடத்தில் நெல்லின் சொந்தக் குரலாக, ‘நான்’ என்று மாறிவிடுகிறது. இந்தச் சம்பவத்தைச் சொல்லச் சூலாவுக்கு அப்படி ஒரு சந்தர்ப்பம் தரப்படவில்லை. வாசகன் இந்தச் சம்பவத்தைப் பாதிக்கப்பட்டவளின் வாய்வழியாக மட்டுமே கேட்கிறான், அதனால் அதுதான் வழக்கு என்று முடிவுகட்டிவிடுகிறான். ஜூட் போய்விடுகிறான். நெல்லுக்கு வாய்விட்டு அழவேண்டும், அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாகக் கண்ணோரத்தில், பார்த்தும் பார்க்காமலும், சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை மிதக்க ஆரம்பிக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்கவே அவள் பயப்படுகிறாள். ஓடிப்போன கணவனை நினைக்கப் பயப்படுகிறவள் இல்லை அவள். அவனைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் அந்த உருண்டை வேறு எதைப் பற்றியது?

மற்ற விளக்கங்களையும் பார்த்துவிடலாம். பத்து வருஷப் பிரிவும் வளர்ந்த விதமும்தான் காரணம் என்றால், சூலா திரும்பி வந்த நாளிலேயே அது தெரிந்திருக்கவேண்டும். அன்று இருவரும் சிரித்த சிரிப்பு அதை மறுக்கிறது. இன்னொன்று இதைவிடக் கனமானது. 1977-இல் விமர்சகர் பார்பரா ஸ்மித் கறுப்பினப் பெண்ணிய விமர்சனம் பற்றிய தன் கட்டுரையில், ‘சூலா’வைப் பெண்-பெண் காதலின் நாவலாகப் படிக்கமுடியும் என்று வாதிட்டார். திருமணத்தையும் ஆண்களையும் இந்த நாவல் பார்க்கும் பார்வையை அவர் சரியாகவே பிடித்தார். மாரிசன் இதை ஏற்கவில்லை. 1983-இல் புத்தகமாக வந்த ஒரு நேர்காணலில், பெண்களுக்கிடையிலான நட்பை ஒரு நாவலின் மையமாக இதற்குமுன் யாரும் வைத்ததில்லை என்றும் சொன்னார். (இதற்குமுன் யாருமே இல்லை என்பது கொஞ்சம் அதிகம்தான், போகட்டும்.) ஸ்மித்தின் வாசிப்பு இருவருக்கும் இடையே இருந்தது எவ்வளவு பெரியது என்பதை விளக்குகிறது. அவ்வளவு பெரியது ஏன் பேசப்படாமலே போனது என்பதற்கு ஆற்றங்கரைக்குத்தான் திரும்பவேண்டியிருக்கிறது.

1940-இல் சூலா படுத்த படுக்கையாக இருக்கிறாள். மூன்று வருஷம் கழித்து நெல் பார்க்கப் போகிறாள், மருந்து வாங்கி வந்து கொடுக்கிறாள், கடைசியில் கேட்டேவிடுகிறாள்: ஏன் செய்தாய்? தனக்குள் ஒரு வெற்றிடம் இருந்தது, ஜூட் அதை நிரப்பினான், அவ்வளவுதான் என்கிறாள் சூலா. நெல்லுக்கு இது பதிலாகவே தெரியவில்லை. நாம் நல்ல சினேகிதிகளாக இருந்தோமே என்று அவள் சொல்ல, அப்படியென்றால் ஏன் உன்னால் இதைத் தாண்டி வரமுடியவில்லை என்று சூலா திருப்பிக் கேட்கிறாள். நெல் கிளம்பும்போது சூலா இன்னொன்றும் கேட்கிறாள்: நம்மில் நல்லவள் நீதான் என்று உனக்கு எப்படித் தெரியும், ஒருவேளை அது நானாக இருந்தால்? நெல் பதில் சொல்லாமல் போய்விடுகிறாள். பெரும்பாலும் இதைச் சூலாவின் திமிர் என்று படிப்பார்கள். நெல் போன பிறகு வருவதைச் சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. தாய் எரிவதை நின்று பார்த்ததையும், அந்தத் துடிப்பு நிற்கக் கூடாது என்று ஆசைப்பட்டதையும் சூலா அப்போது தனக்குத்தானே ஒத்துக்கொள்கிறாள். யாரும் கேட்கவில்லை, யாரும் குற்றம் சாட்டவில்லை. இறந்த அந்தக் கணத்திலும், வலிக்கவே இல்லையே, இதை நெல்லிடம் சொல்லவேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது. அவள் கணக்கில் நட்பு முறியவே இல்லை.

நெல் தன் பங்கை ஒத்துக்கொள்ள 1965 ஆகிறது, ஐம்பத்தைந்து வயது. முதியோர் இல்லத்தில் ஈவாவைப் பார்க்கப் போனவளிடம் கிழவி திடீரென்று கேட்கிறாள்: அந்தச் சின்னப் பையனை எப்படிக் கொன்றாய்? நான் இல்லை, சூலா என்கிறாள் நெல். நீயோ சூலாவோ, என்ன வித்தியாசம், நீயும் அங்கேதானே நின்று பார்த்தாய் என்கிறாள் ஈவா. சட்டப்படி இது செல்லாத சாட்சி. ஈவா ஆற்றங்கரையில் இல்லை. செத்துப்போன மகன் பிளம் சொன்னான் என்கிறாள். போதைக்கு அடிமையான அந்த மகனை 1921-இல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியதும் அவளேதான். புத்தி நிலையாக இருக்கிறதா என்பதே சந்தேகம். இத்தனை ஓட்டை இருந்தும் நெல்லால் அங்கே உட்காரமுடியவில்லை. வெளியே வந்து நடக்கும்போது, நாவல் 1922-இல் மறைத்து வைத்ததை வெளியே எடுக்கிறது. பையனின் கை நழுவியபோது அவளுக்குள் ஒரு இன்பம் ஓடியிருக்கிறது. சூலா கதறியபோது தான் நிதானமாக இருந்ததை முதிர்ச்சி என்றும் இரக்கம் என்றும் நினைத்து, ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அது கிளர்ச்சி அடங்கிய பின் வரும் அமைதிதான் என்று இப்போது தெரிகிறது.

இதற்கு அடுத்துத்தான், கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில், அந்தச் சாம்பல் உருண்டை உடைகிறது. இத்தனை வருஷமும் ஜூட்டுக்காக ஏங்கியதாக நினைத்தது தவறு, ஏங்கியது சூலாவுக்காக என்று புரிந்து கதறுகிறாள். 1937-இல் வராத அழுகை இப்போது வருகிறது. எந்த வரிசையில் வருகிறது என்பதுதான் என் வாதத்துக்கான கடைசிச் சான்று. கணவனை மன்னித்ததாலோ சூலாவை மன்னித்ததாலோ அது வரவில்லை. ஆற்றங்கரையில் தானும் இருந்தேன் என்று ஒத்துக்கொண்ட பிறகே வருகிறது.

பலர் இந்த முடிவைச் சமாதானம் என்று படிக்கிறார்கள். சூலா இறந்து இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் சொன்னதைச் சமாதானம் என்று எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதே சாலையில் எதிரே ஷாட்ராக் வருகிறான். 1922-இல் இவர்கள் பயந்த ஒரே சாட்சி. இவளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே அவன் கடந்துபோகிறான். அவளும் நிறுத்திக் கேட்கவில்லை. இன்னொன்று: நெல் அவ்வளவு அழுகிறாளே, அந்த அழுகை முழுவதும் சூலாவுக்கு. சிக்கன் லிட்டிலின் அம்மாவிடம், பையன் எப்படி ஆற்றில் விழுந்தான் என்பதை இந்த இரண்டு பேரில் ஒருவரும், 1922-இலும் சரி, அதற்குப் பிறகும் சரி, போய்ச் சொன்னதாக நாவலில் எங்கும் இல்லை.